ஜாத்திரை இல்லாத ஒரு நாள்

குடிபாலா
20 ஜனவரி 2025

உனக்கு,

மேலே பேர் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பழைய பேரை எழுதினால் நீ கிழித்துப் போட்டுவிடுவாய். புதுப் பேரை எழுத இன்னும் கை வரவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இந்த ஒரு தடவை இப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா கல்பனாதான் எழுதுகிறேன். நீ வீட்டை விட்டுப் போன அன்று நைனா என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "இனிமே அவன்கூட போன்ல பேசமாட்டேன்னு சொல்லு" என்று சத்தியம் வாங்கினார் அல்லவா? இரண்டு வருஷமாக அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. போன் என்றுதானே சொன்னார்! தபாலைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லையே! இது தெரியாமல் இரண்டு வருஷத்தைப் பாழாக்கிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். சலீம் அண்ணன் டீக்கடைக்கு வந்த தெலுங்குப் பேப்பரில் உன் படம் இருந்தது. முட்டிவரை சேறு, மேலே ஆரஞ்சுக் கலரில் உப்பின சட்டை மாதிரி ஏதோ ஒன்று. கீழே சந்தியா என்றும், தடாவில் உன் அலுவலகத்தின் பேரும் போட்டிருந்தது. நான் பேரை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறின முன்பல்லை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அது அம்மாவின் பல். கடல் விஞ்ஞானம், வெளிநாட்டு உதவித்தொகை என்று என்னென்னவோ எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரர், உன் மாமா பழனி, இரண்டு தரம் படித்துவிட்டு, "சேத்துல புழு எண்றதுக்கு சம்பளமா? இன்னா காலம்டா சாமி!" என்றார்.

நைனா சௌக்கியம் என்று பொய் சொல்லமாட்டேன். பொங்கலன்று கரும்பு வெட்டும்போது நுனிக்கரும்பைத் தனியே ஒதுக்கி வைத்தார். இந்த வீட்டில் சப்பென்று இருக்கிற நுனியைத் துன்னுவது நீ மட்டும்தானே. சாயந்திரம்வரை பார்த்துவிட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே உன்னை யாராவது ஏதாவது சொல்கிறார்களா? ஒளிக்காமல் எழுது.

அக்கா

*

தடா
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மட்டும் படித்த எனக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தது நீதான். தப்பு இருந்தால் உன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

பேப்பரில் போட்டது பாதி சரி. கடல் படிப்பில் எங்களைப் போன்றவர்கள் உலகத்திலேயே ரொம்பக் குறைவாம். ஆண், பெண் என்று ஊர் போட்ட கோட்டுக்குள் நிற்காதவர்கள், அதிலும் வெள்ளைத்தோல் இல்லாதவர்கள். எங்களுக்கென்றே ஒரு அமைப்பு பணம் ஒதுக்கி, இரண்டு வருஷத்துக்கு மாதச் செலவைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு விஞ்ஞானியைத் துணைக்கு வைத்திருக்கிறது. எனக்குத் துணை மரீசா. பிரேசில்காரர். நம்மைவிடக் கறுப்பு, என்னைப் போலவே திருநங்கை. சனிக்கிழமைதோறும் கம்ப்யூட்டரில் பேசுவோம். திருப்பதியில் காலேஜ் ஹாஸ்டலில் எந்தப் பக்கமும் எனக்கு அறை கொடுக்காமல் அலையவிட்டதை முதல் நாளே அவரிடம் சொன்னேன். சிரித்தார். அவர் படித்தபோது ஒரு வருஷம் ஆய்வுக்கூடத்திலேயே படுத்துத் தூங்கினாராம். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

எங்கே போனாலும் என்னிடம், "பால் மாறுகிற மீன் இருக்கிறதாமே, அதைத்தானே படிக்கிறாய்?" என்று கேட்கிறார்கள். இல்லை. அந்த மீன் அதன் பாட்டுக்கு இருக்கட்டும். நான் பழவேற்காட்டு ஏரிச் சேற்றுப் புழுக்களைப் படிக்கிறேன். இறால் பண்ணைக்காரர்கள் தீனிக்காக அவற்றைத் தோண்டித் தோண்டிக் காலி செய்கிறார்கள். புழு போனால் பறவை போகும், மீன் போகும். மாமாவிடம் சொல், சம்பளம் எண்ணுவதற்கு அல்ல, காப்பாற்றுவதற்கு.

என்னுடன் வரத் என்று ஒருவன் இருக்கிறான். திருநம்பி. திருமலைக் கோயிலில் கைங்கரியம் செய்கிற வைஷ்ணவக் குடும்பம். நான் கருவாட்டுக் குழம்பு வைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவான்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஜூன் எட்டாம் தேதி இங்கே ஒரு நாள் வைக்கிறார்கள். நாங்கள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைக்கலாம். பஸ் செலவு, தங்குமிடம் எல்லாம் அவர்களுடையது. வந்தவர்களைப் படகில் கூட்டிக்கொண்டு போய் நாங்கள் வேலை செய்கிற இடத்தைக் காட்ட வேண்டும். அந்த மாதமே நான் மரீசாவின் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன், ஒரு வருஷம். போவதற்கு முன் நைனாவைப் பார்க்க வேண்டும் அக்கா. சாயந்திரம் படகு கரைக்குத் திரும்பும்போது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாராவது நின்றால் ஒரு நொடி அவர் என்றே நினைத்துவிடுகிறேன்.

கேட்டுப் பார்.

சந்தியா

*

குடிபாலா
9 மார்ச் 2025

சந்தியாவுக்கு,

பார், எழுதிவிட்டேன்! இன்னும் ஒன்று. உன் அக்கா சாதித்துவிட்டாள். வாயில் சர்க்கரை போட்டுக்கொண்டு படி.

உன் கடிதத்தை நைனாவிடம் காட்டவில்லை. வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "தடாவுல ஜூன்ல இன்னாவோ கூட்டமாம், ஊட்டு ஆளுங்கள கூப்புட்றாங்களாம்" என்று சும்மா போட்டு வைத்தேன். எழுந்து போய்விட்டார். அப்புறம் நான்கு நாள் என்னோடு பேச்சில்லை. சோற்றை வைத்தால் துன்னுவார், போவார். அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்கு வரச் சொல்லு" என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். "யார நைனா?" என்றேன். "தெரியாத மாரி கேக்காத. ரெண்டு பேரும் சேந்தே வேஷம் கட்டலாம். அன்னிக்கு பொடவைல கீறியேன்னு எவனும் கேக்கமாட்டான். அப்டியே நம்ப ஊட்டுக்கும் வந்துட்டு போவட்டும்" என்றார்.

எப்படி இருக்கிறது? இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாயிலிருந்து வந்த வார்த்தை! உனக்கு மூன்று வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது நைனா கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்ட மொக்கு, அந்த நேர்த்திக்கடனுக்குத்தான் அன்றிலிருந்து வருஷா வருஷம் புடவை கட்டி, வளையல் போட்டு, பூ வைத்துக்கொண்டு போகிறார். நீ போனதிலிருந்து அவருக்குக் கொசுவம் எடுத்துவிட ஆளில்லை. நான் எடுத்தால் இரண்டே தெருவில் அவிழ்ந்துவிடுகிறது.

மே மாதம் வந்துவிடு. நானும் உன்னைப் புடவையில் ஒரு தரம் கண்ணாரப் பார்க்கிறேன்.

கல்பனா

*

தடா
20 மார்ச் 2025

அக்கா,

நான் வரமாட்டேன்.

நீ எவ்வளவு சந்தோஷத்தோடு எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது. அதனால்தான் ஒரு வாரம் பதில் எழுதவில்லை. எப்படி எழுதினாலும் உன் மனசு நோகும்.

எனக்குப் பதின்மூன்று வயதில் நைனா என்னையும் ஜாத்திரைக்குப் புடவை கட்டிக் கூட்டிக்கொண்டு போனார், நினைவிருக்கிறதா? தெருவே நெட்டி முறித்தது. லட்சுமம்மா அத்தை, "பொண்ணா பொறந்திருந்தா ராணி மாரி இருந்திருப்பான்" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அன்றைக்கு மாதிரி நான் என்றைக்குமே சந்தோஷமாக இருந்ததில்லை. மறுநாள் காலையில் வளையலைக் கழற்றமாட்டேன் என்றேன். அவ்வளவுதான். முந்தின நாள் என் கைக்கு அந்த வளையலை மாட்டிவிட்ட அதே நைனா, கையைப் பிடித்து வாசற்படிக் கல்லில் மோதினார். கண்ணாடி குத்தின தழும்பு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. ஒரு நாளைக்குக் கங்கம்மாவின் பிள்ளை, மறுநாள் வீட்டுக்கு மானக்கேடு. எனக்கு அது புரியவே இல்லை அக்கா. இப்போதும் புரியவில்லை.

நைனா போடுவது வேஷம். அம்மனுக்காகப் போடுகிறார், கும்பிடுகிறேன். நான் வேஷம் போட்டது இருபது வருஷம். சட்டையும் பேண்ட்டும் மாட்டிக்கொண்டு, குரலைத் தடிக்க வைத்து, உங்களுக்கெல்லாம் பயந்து போட்டேன். அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். ஆயிரம் ஆம்பளைகள் புடவை கட்டியிருக்கிற கூட்டத்தில் என்னையும் ஒளித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரப் பார்க்கிறார். என்னால் முடியாது.

வேறு எந்த நாளானாலும் வருகிறேன். ஒன்றும் விசேஷம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. சலீம் அண்ணன் கடையில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது பகல் பஸ்ஸில் வந்து இறங்கி, தெரு வழியாக நடந்து வரவேண்டும். அந்த நாளுக்குக் கூப்பிடச் சொல், ஓடி வருகிறேன். எனக்கு மட்டும் வீட்டு நினைப்பு இல்லை என்றா நினைக்கிறாய்?

சந்தியா

*

குடிபாலா
5 ஏப்ரல் 2025

தமிழரசுக்கு,

ஆமாம், அந்தப் பேர்தான். வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ அங்கே பெரிய பெரிய ஆட்களோடு கம்ப்யூட்டரில் பேசுகிறாய். நான் நைனாவுக்காகப் புருஷனோடு இங்கேயே வந்து, பேசாத மனிதரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறேன். நீ போனதற்குத் தெருவில் கேட்ட கேள்விக்கெல்லாம் யார் பதில் சொன்னது? குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்தவளின் குடத்தை உருட்டிவிட்டவள் யார்? அந்தக் கல்லு மனிதர் ஒரு படி இறங்கி வந்தார். ஒரே ஒரு படி! அதையும் நீ எட்டி உதைத்துவிட்டாய்.

"வரலியாம் நைனா" என்று மட்டும் சொன்னேன். "சரி" என்றார். அன்றைக்குச் சோறு துன்னவில்லை.

இனி எழுதாதே.

*

தடா
2 மே 2025

அக்கா,

எழுதாதே என்றாய். இது எனக்காக இல்லை, நைனாவுக்காக.

ஜாத்திரை வருகிறது. கொசுவத்தை நீ அகலமாக எடுக்கிறாய், அதனால்தான் அவிழ்கிறது. உன் நான்கு விரல் அகலத்துக்கு மேல் போகாதே. எடுத்ததும் தொப்புளுக்குச் சற்று இடப்பக்கமாகச் செருகு. வலது இடுப்பில் அவருக்குக் கிணறு வெட்டும்போது பட்ட காயம் இருக்கிறது, அங்கே பாவாடை நாடா இறுக்கினால் வலிக்கும், சொல்லமாட்டார். மல்லிகையை அதிகம் வைக்காதே, தலைவலி வரும். வளையலைச் சோப்பு போட்டு மாட்டு.

இங்கே இரண்டு நாளாக ஏரியில் காற்று அதிகம். படகு போகவில்லை. வரத் தன் அப்பாவுக்குப் போன் செய்தான், எடுத்தவர் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாராம். ஜூனில் அவனுக்கும் யாரும் இல்லை, எனக்கும் இல்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொந்தக்காரராக உட்கார்ந்துகொள்வோம் என்று பேசிவைத்திருக்கிறோம்.

உன் பதிலுக்காகத் தபால்காரரை எதிர்பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். தினமும் பார்க்கிறேன்.

சந்தியா

*

குடிபாலா
18 மே 2025

சந்தியா, என் கண்ணு,

போன கடிதத்தில் எழுதின பேரை மறந்துவிடு. கோபத்தில் என் கை என் பேச்சைக் கேட்பதில்லை, உனக்குத் தெரியாதா?

நீ சொன்னபடியே நான்கு விரல் கொசுவம் எடுத்தேன். நைனா குனிந்து பார்த்துவிட்டு, "இது உன் கை வேல இல்லியே" என்றார். நான் வளையலுக்குச் சோப்பு எடுக்கப் போய்விட்டேன்.

ஜாத்திரையில் ஒரு குறையும் இல்லை. திருப்பதியில் வழியெல்லாம் காலில் விழுந்தார்கள். கூட்டத்தில் அவருடைய வேட்டி சட்டை வைத்திருந்த பையை எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். ஒரு சட்டை வாங்கலாம் நைனா என்றேன். "இன்னாத்துக்கு? கங்கம்மா பொடவைதானே, இப்டியே போலாம்" என்று கெத்தாகச் சொன்னார். பஸ் ஏறினோம்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவர் ஒருத்தர்தான் அந்தக் கோலத்தில் இருந்தார். அங்கே எவனுக்கு மொக்கு தெரியும்? மூன்று பையன்கள் கையைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். என்னென்னவோ கேட்டார்கள், எழுத மாட்டேன். ஒருத்தன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். நைனா கை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. நான்தான் செருப்பைக் கழற்றினேன், ஓடிவிட்டார்கள்.

குடிபாலா பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் எழுந்து போய் உட்கார்ந்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அதுக்கும் இப்டித்தான் நடக்குதா? தெனம்?" என்றார்.

"எனக்கு எப்டி தெரியும்? போன்ல பேசக்கூடாதுன்னு நீதானே சத்தியம் வாங்கின" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவர் அழுதுவிட்டார், சந்தியா. பூவும் பொட்டுமாக, பஸ்ஸில், எல்லோரும் பார்க்க.

மறுநாள் காலையில் வாசற்படிக் கல்லில் உட்கார்ந்து சோப்பு போட்டு வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "அன்னிக்கு ரத்தம் வந்துச்சா?" என்று கேட்டார். "எந்த அன்னிக்கு?" என்று நான் கேட்கவில்லை. வந்தது என்றேன். உள்ளே போய் நீ மார்ச்சில் எழுதின கடிதத்தைக் கொண்டுவந்து முழுசாகப் படித்துக் காட்டினேன். வரிக்கு வரி. முடித்ததும் நைனா, "தடாவுக்கு சத்தியவேடு வழியா பஸ் கீதா?" என்றார்.

நீ வெளிநாடு போகப்போவதையும் சொன்னேன். எட்டாம் தேதி வருகிறார். நான் வரவில்லை, ஒருவருக்குத்தானே டிக்கெட்! பசுவும் நிறைமாதமாக இருக்கிறது. அவர் அங்கே வந்து வாய் திறந்து பேசுவார் என்று மட்டும் எதிர்பார்க்காதே. வருகிறார், அது போதும்.

கல்பனா

*

தடா
9 ஜூன் 2025

என் அக்கா,

நைனா உன் சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம், உன்னிடம் சொல்லச் சொன்னார். இனி போனில் பேசலாம். ஆனாலும் நேற்று நடந்ததைப் போனில் சொல்ல வராது, அழுது தொலைப்பேன். எழுதிவிடுகிறேன்.

ஒரு பஸ் முன்னாலேயே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நீ இஸ்திரி போட்டதுதானே? என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "எளச்சிட்ட" என்றார். வேறு ஒன்றும் இல்லை. நீ சொன்னது சரி, படகிலும் பேசவில்லை. ஆரஞ்சுச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டேன், அது மிதக்க வைக்கிற சட்டை. கொக்கியைப் போடத் தெரியாமல் என்னிடமே நின்றார். நான் கொக்கி போடும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் அந்த இடத்தை ஒரு தரம் தடவிவிட்டு விட்டுவிட்டார்.

சேற்றைத் தோண்டிப் புழுவை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினேன். "இதுக்காவா அம்மாந்தூரம் போற?" என்றார். ஆமாம் நைனா என்றேன். தலையாட்டினார். சாப்பாட்டு நேரத்தில் வரத் ஓரமாக உட்கார்ந்திருந்தான். "இவனுக்கு யாரு வந்துக்கிறாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து துன்னார். அவன் தட்டில் தயிர்சாதத்தைப் பார்த்துவிட்டு, தன் மீனை மட்டும் அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.

சாயந்திரம் பஸ்ஸுக்கு நேரமானது. எல்லோரும் கரையில் நின்றார்கள், படகுக்காரர்கள், மற்றவர்களுடைய அம்மாக்கள், எல்லோரும். நைனா, "இரு" என்றார். பைக்குள்ளிருந்து ஒரு மூட்டையை எடுத்துப் பிரித்தார். அரிசி, வெல்லம், மஞ்சள் கொம்பு, வெற்றிலைப் பாக்கு. உன் கல்யாணத்தன்று நீ வீட்டை விட்டுக் கிளம்பும்போது லட்சுமம்மா அத்தை உன் மடியில் கட்டினாளே, அதே மாதிரி. நம் வீட்டில் பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் கட்டமாட்டார்களே, அக்கா!

"தூர தேசம் போற. அம்மா இருந்தா அவ கட்டுவா. மடி ஏந்து" என்றார்.

நான் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் போட்டிருந்தேன். முழங்கால்வரை சேறு. ஏந்துவதற்கு முந்தானை ஏது? டி-ஷர்ட்டின் முன்பக்கத்தை இழுத்துப் பிடித்தேன். நைனா அரிசியைக் கையில் அள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். மனசு மாறிவிட்டதோ என்று நினைத்தேன்.

"உன்கிட்ட பொடவ இல்லியா?" என்றார்.

"இருக்கு நைனா. ரூம்ல."

"போயி கால கழுவிட்டு, நல்லா கட்டிக்கினு வா. பஸ்ஸு போனா போவட்டும்."

ஓடினேன் அக்கா. வரத் கொலுசுக்குக் கொக்கி மாட்டிவிட்டான், இரண்டு பேருக்கும் கண்ணே தெரியவில்லை. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது நைனா அதே இடத்தில், அரிசியை மூடின கையோடு நின்றுகொண்டிருந்தார். எல்லோர் எதிரிலும் என் மடியில் போட்டு, அவர் கையாலேயே முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை. இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினார்.

அடுத்த பஸ் வர ரொம்ப நேரம் ஆனது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வண்டி கிளம்பும்போதுதான் சொன்னார்: "செவ்வாக்கெயம வா. பகல் பஸ்ஸுல வா. சலீம் கடையாண்ட நான் நிக்கறேன்."

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன்; இதை மட்டும் இப்போதே போனில் சொல்லிவிடுகிறேன்: சோறு வடித்து வை.

உன் தங்கச்சி
சந்தியா